சாகச சனி: சேற்றில் ஓடும் பெல்ட் வண்டி, பனியில் பறந்தால்..? குல்மார்க் 'ஸ்னோ பைக்' ஏறும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்!

தை பிறந்துவிட்டால் காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரை அடுத்த சாலவாக்கம் பக்கம், நெல் அறுவடைக்குக் காத்திருக்கும் வீடுகளில் பேச்சு இப்படித்தான் போகும். ''மிஷின் எப்போ வருது? டயர் வண்டியா, பெல்ட் வண்டியா?''

வயல் காய்ந்திருந்தால் டயர் வண்டியே போதும். ஈரம் வடியாமல் கால் புதைகிற வயல் என்றால் கதை வேறு. டயர் வண்டி இறங்கினால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அதை இழுக்க இன்னொரு டிராக்டர் தேட வேண்டும். அதனால்தான், வாடகை கூடுதல் என்றாலும் ரப்பர் பெல்ட்டில் ஊர்ந்து போகும் அறுவடை இயந்திரத்தைக் கூப்பிடுகிறார்கள்.

அதே தை மாதத்தில், நாட்டின் இன்னொரு முனையில் இருக்கும் காஷ்மீரின் குல்மார்க்கில் வேறொரு பெல்ட் வண்டி உறுமிக்கொண்டு இருக்கும். அங்கே சேற்றுக்குப் பதில் பனி. பின்னால் அகலமான ரப்பர் பெல்ட், முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பிடித்துக்கொள்ள ஒரு ஹேண்டில்பார். இதுதான் ஸ்னோமொபைல். குல்மார்க்கிலும் மணாலி பக்கமும் ஸ்னோ பைக், ஸ்னோ ஸ்கூட்டர் என்றெல்லாம் கூப்பிடுவார்கள். காஷ்மீர் டூர் போய் வந்த சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இதைப் பார்த்துவிட்டு, ''நாமும் போகலாம்ப்பா'' என்று பிள்ளைகள் ஆரம்பித்திருப்பார்கள்.

தாராளமாகப் போகலாம். ஆனால், அது ராட்டினம் மாதிரி ஓர் இடத்தில் சுற்றும் விளையாட்டு இல்லை. இன்ஜின் வைத்த வண்டி. ஏறும் முன் அதன் கதையையும் குணத்தையும் தெரிந்துகொண்டால், த்ரில்லும் குறையாது. வீட்டில் இருப்பவர்களுக்குப் பயமும் இருக்காது.

கால் புதைகிற இடத்தில் வண்டி எப்படி ஓடுகிறது?

புதுப் பனியில் ஒருவர் நடந்தால் முழங்கால் வரை உள்ளே போய்விடும். ஆனால், 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஸ்னோமொபைல் அதே பனியின் மேல் ஓடும். காரணம், சாலவாக்கம் வயலில் பெல்ட் வண்டி புதையாமல் இருக்கும் அதே காரணம்தான். மொத்த எடையும் இரண்டு பாதங்களில் இறங்காமல், அகலமான பெல்ட் முழுக்கப் பரவிவிடுகிறது. மனிதர் ஒற்றைக் காலை ஊன்றும்போது பனியில் விழும் அழுத்தத்தைவிட, இவ்வளவு கனமான வண்டி தரும் அழுத்தம் குறைவு.

பெல்ட்டின் வெளிப்பக்கம் வரிசையாக ரப்பர் பற்கள் இருக்கும். அவை பனியைக் கவ்விப் பின்னால் தள்ள, வண்டி முன்னால் போகும். முன்னால் இருக்கும் இரண்டு சறுக்குக் கட்டைகளை ஹேண்டில்பாரால் திருப்பினால் திசை மாறும்.

ஓட்டுவது ஏறக்குறைய ஸ்கூட்டி ஓட்டுவது மாதிரி. காலால் மாற்றும் கியரும் கிடையாது, கிளட்சும் கிடையாது. ஆனால், ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. ஸ்கூட்டியில் ஆக்ஸிலேட்டரை முறுக்க வேண்டும். இதில் வலது கைப் பிடிக்குப் பக்கத்தில் உள்ள சின்ன நெம்புகோலைக் கட்டை விரலால் அழுத்த வேண்டும். பிரேக் இடது கையில். புதிதாக ஏறுகிறவர்கள் பயத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும்போது, கட்டை விரலும் சேர்ந்து அழுத்திவிடும். வண்டி நிற்பதற்குப் பதில் பாயும். முதன்முதலாக ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் வரலாம் என்பதால், கிளம்பும் முன்பே கட்டை விரலை எடுத்துப் பழகிக்கொள்வது நல்லது.

பெரிய ஸ்னோமொபைல்கள் மணிக்கு 150 கி.மீ. வேகத்தையும் தாண்டக்கூடியவை. சுற்றுலா இடங்களில் அந்த வேகத்துக்கு இடமும் இல்லை, தேவையும் இல்லை.

ஒரு தகப்பனின் துயரம்

இன்று பொழுதுபோக்காக இருக்கும் இந்த வண்டியின் தொடக்கத்தில் ஒரு குழந்தையின் மரணம் இருக்கிறது.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்பது ஒரு சிற்றூர். அங்கே 1907-ல் பிறந்தவர் ஜோசப் ஆர்மண்ட் பொம்பார்டியர். மெக்கானிக். சிறு வயதிலிருந்தே இன்ஜின் பைத்தியம். 15 வயதில், பழைய ஃபோர்டு கார் இன்ஜினைச் சறுக்கு வண்டியில் பொருத்தி, பின்னால் ஒரு காற்றாடியும் வைத்துத் தெருவில் ஓட்டிக் காட்டினார். அந்தக் காற்றாடியைப் பார்த்து மிரண்டுபோன அப்பா, ''முதலில் இதைப் பிரித்துப் போடு'' என்று சொல்லிவிட்டார்.

அந்த ஊரில் குளிர்காலம் என்றால் சாலைகள் பனியில் மூழ்கிவிடும். கார் ஓடாது. குதிரை இழுக்கும் சறுக்கு வண்டிதான் கதி. அவசரத்துக்கு டாக்டரிடம் போக வேண்டும் என்றாலும் அதேதான். இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும் என்று வளர்ந்த பிறகும் தன் பட்டறையில் முயன்றுகொண்டே இருந்தார் பொம்பார்டியர்.

1934-ம் வருடக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் இவோனுக்குக் குடல்வால் அழற்சி. உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். வெளியே சாலையே தெரியாத அளவுக்குப் பனி. பட்டறையில் இருந்த சோதனை வண்டி ஓடும் நிலையில் இல்லை. குழந்தை இறந்துபோனான்.

அதன் பிறகு பொம்பார்டியர் அந்த வேலையை விடவில்லை. பல் சக்கரமும் ரப்பர் பெல்ட்டும் சேர்ந்து இயங்கும் அமைப்புக்கு 1937-ல் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் உட்காரும் 'பி7' வண்டி வந்தது. அடுத்து 12 பேர் உட்காரும் 'பி12' வந்தது. பார்ப்பதற்குச் சின்ன வேன் மாதிரி இருக்கும் அந்த வண்டிகள் ஆம்புலன்ஸாக ஓடின. பள்ளிக்கூட வேனாக ஓடின. தபால் கொண்டு போயின. சாலை மூடினால் ஊரே முடங்கிய நிலை மாறியது.

1948-ல் கியூபெக் அரசு கிராமச் சாலைகளிலும் பனியை அகற்ற ஏற்பாடு செய்தது. ஊருக்கு நல்லது. ஆனால், பெரிய வண்டிகளுக்கு இருந்த தேவை சரிந்தது. சாலையே இல்லாத இடங்களில் ஓரிருவர் மட்டும் போகக்கூடிய சின்ன வண்டி செய்யலாம் என்று பொம்பார்டியர் பழைய யோசனைக்குத் திரும்பினார். 1959-ல் 'ஸ்கி-டூ' விற்பனைக்கு வந்தது. நாய்கள் இழுக்கும் வண்டிக்கு மாற்று என்பதால் 'ஸ்கி-டாக்' என்று பெயர் வைக்க நினைத்தார்கள் என்றும், எழுத்துப் பிழையில் அது 'ஸ்கி-டூ' ஆகி அப்படியே நிலைத்துவிட்டது என்றும் ஒரு கதை உண்டு.

வட துருவப் பகுதிகளில் பணியாற்றும் பாதிரியார்களும் வேட்டைக்காரர்களும் வாங்குவார்கள் என்றுதான் எதிர்பார்த்தார்கள். ஆனால், விளையாட்டுக்காக வாங்க ஆரம்பித்தது பொதுஜனம். 1964-ல் பொம்பார்டியர் இறந்தபோது அவருடைய வண்டி ஒரு பொழுதுபோக்காகவே மாறத் தொடங்கியிருந்தது.

நான்கே வருடத்தில், 1968 ஏப்ரலில், அமெரிக்காவைச் சேர்ந்த ரால்ஃப் பிளேஸ்டெட் தன் குழுவோடு ஸ்னோமொபைலில் வட துருவத்தையே அடைந்துவிட்டார். அவர் தொழில்முறை சாகசக்காரர் இல்லை. மின்னசோட்டா மாநிலத்தில் இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்தவர்!

இன்றும் இந்த வண்டிக்கு விளையாட்டைத் தாண்டிய வேலைகள் உண்டு. சியாச்சின் பனிமலையில் நம் ராணுவ வீரர்களுக்கும், அண்டார்டிகாவில் உள்ள இந்தியாவின் மைத்ரி, பாரதி ஆய்வு நிலையங்களில் பணியாற்றுகிறவர்களுக்கும் ஸ்னோ ஸ்கூட்டர் ஓர் அன்றாட வாகனம்.

சாலவாக்கம் டு குல்மார்க்

சாலவாக்கத்தில் இருந்து ஒரு குடும்பம் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, பத்தாம் வகுப்பு முடித்த மகன், ஒன்பது வயது மகள், கூடவே ஆயா.

செங்கல்பட்டு வரை பஸ். அங்கிருந்து மின்சார ரயிலில் சென்னை. சென்னை சென்ட்ரலில் இருந்து ஜம்மு வழியாக கட்ரா வரை நேரடியாகப் போகும் ரயிலின் பெயர் அந்தமான் எக்ஸ்பிரஸ். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது போவது காஷ்மீர் பக்கம்தான். வாரத்தில் மூன்று நாள்கள் மட்டுமே ஓடும், பயணம் இரண்டு நாள்களுக்கும் மேல். கட்ராவில் இருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூனில் தொடங்கிய வந்தே பாரத் ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். வழியில் ஆற்று மட்டத்துக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் பாலம் வரும். பாதி த்ரில் அங்கேயே கிடைத்துவிடும்.

ஸ்ரீநகரில் இருந்து குல்மார்க் சுமார் 50 கி.மீ. கடைசி 13 கி.மீ. தூரம் டங்மார்க் என்ற ஊரில் இருந்து மலை ஏற வேண்டும். பனி அதிகமாக இருந்தால் டயரில் சங்கிலி கட்டிய வண்டிகளை மட்டுமே அதற்கு மேல் விடுவார்கள். கனமான கோட்டும் கம் பூட்ஸும் டங்மார்க்கிலேயே வாடகைக்குக் கிடைக்கும்.

குல்மார்க்கின் உயரம் சுமார் 2,650 மீட்டர். ஊட்டியைவிட 400 மீட்டர் அதிகம். அங்கிருந்து 'கொண்டோலா' என்ற ரோப் காரில் ஏறினால், முதல் கட்டம் கோங்டூரி. இரண்டாம் கட்டம் அபர்வத் மலையின் தோள் வரை, ஏறக்குறைய 3,950 மீட்டர். ஸ்னோ பைக் ஏறுவதற்குக் கொண்டோலாவின் இரண்டாம் கட்டம் வரை போக வேண்டியதில்லை. குல்மார்க் சரிவுகளிலும் கோங்டூரியிலும்தான் வண்டிகள் வரிசையாக நிற்கும்.

குல்மார்க் மட்டுமே வழி என்றும் இல்லை. மணாலிக்குப் பக்கத்தில் உள்ள சோலங் பள்ளத்தாக்கிலும் ஸ்னோ ஸ்கூட்டர் உண்டு. 2025 ஜனவரியில் புதிய சுரங்கப்பாதை திறக்கப்பட்டதால், குளிர்காலத்தில் பாதை மூடிக்கிடந்த சோனாமார்க்கும் இப்போது சுற்றுலா வரைபடத்தில் சேர்ந்திருக்கிறது.

கிளம்பும் முன் இரண்டு விஷயங்கள். ஒன்று, வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு-காஷ்மீரில் வேலை செய்யாது. குடும்பத்தில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும். இரண்டு, 2025 ஏப்ரலில் நடந்த பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டு, பின்னர் படிப்படியாகத் திறக்கப்பட்டன. டிக்கெட் போடும் முன் அன்றைய நிலவரத்தையும் அரசு அறிவிப்புகளையும் பார்த்துவிடுங்கள்.

ஏறும் முன் இந்த 5 கேள்விகள்

இறங்கியதுமே நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டு ரேட் சொல்வார்கள். அந்த அவசரத்தில் விலையை மட்டும் பேசிவிட்டு ஏறிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. விலையோடு சேர்த்து இவற்றையும் கேளுங்கள்.

1. ''ஹெல்மெட் எங்கே?'' பனி மெத்தை மாதிரி இருக்கும், விழுந்தால் அடிபடாது என்று நினைக்க வேண்டாம். பலர் ஓட்டி இறுகிய பனி, சிமென்ட் தரை மாதிரி. அதற்குள் பாறையும் மரத்தின் அடிக்கட்டையும் மறைந்திருக்கலாம். குளிர் குல்லாய், ஹெல்மெட் ஆகாது. ஹெல்மெட் தராத வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டியைப் பாருங்கள்.

2. ''ஸ்டாப் கயிறு இருக்கிறதா?'' ஓட்டுகிறவர் மணிக்கட்டிலோ கோட்டிலோ மாட்டிக்கொள்ளும் சுருள் கயிறு அது. அவர் தூக்கி எறியப்பட்டால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் உடனே நின்றுவிடும். கயிறு இருந்தும் மாட்டாமல் தொங்கவிட்டிருந்தால், மாட்டச் சொல்லுங்கள்.

3. ''யார் ஓட்டுவது?'' பெரும்பாலும் ஓட்டுநர் ஒருவர் கூடவே வருவார். கொஞ்ச தூரம் போனதும், ''நீங்களே ஓட்டுங்கள்'' என்று கைப்பிடியைக் கொடுப்பவர்களும் உண்டு. பிளஸ் ஒன் சேரப்போகும் பையனுக்கு அதைவிட வேறு சந்தோஷம் இல்லைதான். ''அப்பா, ஊர்ல ஸ்கூட்டியே ஓட்டுறேனே...'' என்பான். ஸ்கூட்டிக்கு லைசென்ஸ் இல்லாத வயதில் இதற்கும் வேண்டாம் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது நல்லது. மலை உச்சியில் நின்றுகொண்டு சண்டை போட முடியாது.

4. ''எத்தனை பேர்?'' இரண்டு பேருக்கான சீட்டில் ஓட்டுநர், அப்பா, அம்மா, நடுவில் மகள் என்று ஏற்றிக்கொள்வது நம்மூர் பைக் பழக்கம். இங்கே எடை கூடினால் சரிவில் வண்டி திரும்ப மறுக்கும், கவிழவும் செய்யும். ஓட்டுநரோடு ஒருவர்தான். கால் படி எட்டாத, கைப்பிடியைத் தானாகப் பிடித்துக்கொள்ள முடியாத குழந்தையை ஏற்றக் கூடாது.

5. ''எங்கே வரை, எத்தனை நிமிடம்?'' 'ஒரு ரவுண்டு' என்பதற்கு ஆளுக்கு ஓர் அர்த்தம். போகும் இடத்தைக் கையால் காட்டச் சொல்லுங்கள். பணத் தகராறு வராமல் இருக்க மட்டும் அல்ல. எல்லோரும் போகும் பாதையை விட்டு ஆளில்லாத சரிவுக்குப் போகாமல் இருக்கவும் இது உதவும். 2023 பிப்ரவரியில் அபர்வத் சரிவில் ஏற்பட்ட பனிச்சரிவில் வெளிநாட்டுப் பனிச்சறுக்கு வீரர்கள் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். பனிச்சரிவு எச்சரிக்கை இருக்கும் நாளில் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் மேலே போகக் கூடாது.

இன்னொன்று: பயணக் காப்பீடு எடுத்திருந்தால், அதில் சாகச விளையாட்டுகள் அடங்குமா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள். பல பாலிசிகளில் அது தனியாக விலக்கப்பட்டிருக்கும்.

முந்தானை, துப்பட்டா... கவனம்!

வண்டியின் பெல்ட் கண்ணுக்குத் தெரியாமல் சீட்டுக்கு அடியில் சுழன்றுகொண்டே இருக்கும். பைக்கில் சேலை முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்குவது மாதிரியே இதிலும் சிக்கலாம். ஏறும்போது சேலை, துப்பட்டா, நீள மஃப்ளர் மூன்றும் வேண்டாம். கழுத்தை மூட, தலைவழியாக மாட்டும் குளிர்குல்லாய் போதும். நீளக் கூந்தலைப் பின்னி கோட்டுக்குள் விட்டுக்கொள்ளுங்கள்.

ஜீன்ஸ் பனியில் நனைந்தால் காயாது. காலோடு ஒட்டிக்கொண்டு குளிரை ஏற்றும். காட்டன் சாக்ஸும் அப்படித்தான். கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். நின்றுகொண்டு இருக்கும்போது மைனஸ் 5 டிகிரியாக இருக்கும் குளிர், வண்டி 40 கி.மீ. வேகத்தில் போகும்போது உடம்புக்கு மைனஸ் 14 மாதிரி இருக்கும். முகம், மூக்கு, காது, விரல் நுனி ஆகியவைதான் முதலில் மரத்துப்போகும். மரத்த விரலைப் பனியால் தேய்க்கக் கூடாது. அக்குளில் வைத்துச் சூடேற்ற வேண்டும்.

வெயில் அடித்தால் பனி கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். கறுப்புக் கண்ணாடி அலங்காரத்துக்கு அல்ல, அவசியம். போனைக் கோட்டின் உள்பக்கப் பாக்கெட்டில் வைக்கவில்லை என்றால், குளிரில் சார்ஜ் சட்டென இறங்கிவிடும்.

கர்ப்பிணிகள், முதுகு வலி, கழுத்து வலி உள்ளவர்கள் ஏறவே வேண்டாம். மேடு பள்ளத்தில் வண்டி தூக்கிப்போடும். இதய நோய், ஆஸ்துமா இருப்பவர்கள் அந்த உயரத்துக்குப் போவது பற்றியே முதலில் தங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டும். ஆயா கீழே வெயிலில் உட்கார்ந்து, பிளாஸ்க்கில் இருக்கும் டீயைக் குடித்துக்கொண்டே பேரப்பிள்ளைகளை வேடிக்கை பார்க்கலாம். அதுவும் டூர்தான்.

கனடா சொந்தக்காரர்கள் எப்படி ஓட்டுகிறார்கள்?

டொரன்டோ பக்கம் மகனோ மாமாவோ இருக்கும் குடும்பங்களுக்கு இந்த வண்டி புதிதல்ல. ஒன்டாரியோ மாகாணத்தில் ஸ்னோமொபைலுக்கு என்றே சுமார் 30,000 கி.மீ. பாதைகள் இருக்கின்றன. அந்தப் பாதைகளைப் பராமரிப்பது உள்ளூர் சங்கங்களின் தன்னார்வலர்கள். ஓட்டுகிறவர்கள் பெர்மிட் வாங்க வேண்டும். அந்தப் பணத்தில் பாதை சீராகிறது. இதை உத்திரமேரூர்க்காரர்களிடம் சொன்னால் ஆச்சரியப்பட மாட்டார்கள். 1,100 வருடங்களுக்கு முன்பே ஏரியைப் பராமரிக்கக் குடவோலையில் ஆள் எடுத்து 'ஏரி வாரியம்' அமைத்ததைக் கல்வெட்டில் வைத்திருக்கிற ஊர் அல்லவா!

அங்கே விதிகள் கறார். ஓட்டுகிறவருக்கும் பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். 12 வயதுக்குக் கீழ் பொதுப் பாதையில் ஓட்ட முடியாது. அதற்கு மேற்பட்டவர்களும் லைசென்ஸோ, பயிற்சி முடித்த சான்றோ வைத்திருக்க வேண்டும். அந்தப் பாதைகளில் வேக வரம்பு மணிக்கு 50 கி.மீ. குடித்துவிட்டு ஓட்டி தண்டனை பெற்றால் கார் லைசென்ஸும் போய்விடும்.

அங்கே உள்ள பெரிய ஆபத்து, உறைந்த ஏரி. மேலே பார்க்கத் தரை மாதிரி இருக்கும். பனிக்கட்டி எவ்வளவு தடிமன் என்பது கண்ணுக்குத் தெரியாது. ஸ்னோமொபைல் போக 25 செ.மீ. தடிமன் வேண்டும் என்கிறது கனடிய செஞ்சிலுவைச் சங்கம். ஓடை வந்து கலக்கும் இடத்திலும் மதகுப் பக்கமும் கட்டி மெலிதாக இருக்கும்.

உடைந்து விழுந்தால்? குளிர்நீர் பற்றி ஆராய்ந்துவரும் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட், '1-10-1' என்று எளிதாகச் சொல்லித் தருகிறார். முதல் 1 நிமிடம், திணறும் மூச்சை நிதானப்படுத்த. அடுத்த 10 நிமிடங்கள், கை கால் சொன்னபடி கேட்கும். அதற்குள் வெளியேற வேண்டும். வெளியேற முடியாவிட்டாலும், உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும்; அதுவரை தலையை நீருக்கு மேல் வைத்துக்கொண்டு உதவிக்குக் குரல் கொடுக்கலாம். சாலவாக்கத்தில் ஏரியில் நீச்சல் அடித்து வளர்ந்தவராக இருந்தாலும், அந்தத் தண்ணீர் வேறு தண்ணீர்.

பனியே வராவிட்டால்?

காஷ்மீரில் டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாள்களை 'சில்லை கலான்' என்பார்கள். நம் மார்கழிக் குளிரை நூறு மடங்காக்கிய மாதிரி, கடுங்குளிர்க் காலம். பனி கொட்ட வேண்டிய நாள்கள் அவை. ஆனால், 2024 ஜனவரியில் குல்மார்க் சரிவுகள் வெறும் புல்லாகக் கிடந்தன. பனி பார்க்கப் போனவர்கள் காய்ந்த தரையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள், பனி போதவில்லை என்று தள்ளிவைக்கப்பட்டு மார்ச்சில் நடந்தன.

இந்த வண்டிக்குப் பனி என்பது பாதை மட்டும் அல்ல. பல மாடல்களில் பெல்ட் வாரி இறைக்கும் பனிதான் இன்ஜின் சூட்டைத் தணிக்கிறது. பெல்ட் உரசாமல் வழுக்கி ஓடவும் உதவுகிறது. பனி மெலிந்த இடத்தில் ஓட்டினால் வண்டி சூடேறும், பாறையில் மோதும், சேதத்துக்கு யார் பொறுப்பு என்று வாக்குவாதம் வரும். அந்த வண்டிகளை நம்பி நாலு மாத வருமானத்துக்குக் காத்திருக்கும் உள்ளூர்க் குடும்பங்களின் பாடு இன்னும் கஷ்டம். ஏரி நிரம்பாத வருடத்தில் சாலவாக்கம் விவசாயிக்கு எப்படி இருக்குமோ, பனி விழாத வருடத்தில் குல்மார்க்காரருக்கு அப்படித்தான்.

நம்மூர் அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் போனால், பனி இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஜனவரி பிற்பாதியும் பிப்ரவரியும் வாய்ப்பு அதிகமுள்ள நாள்கள். ஆனால், அப்போது பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். அதனால் முன்பதிவு செய்யும்போதே 'பனி இருந்தால் ஸ்னோ பைக், இல்லாவிட்டால் ஸ்ரீநகரில் படகு சவாரி' என்று வீட்டில் சொல்லிவைத்துவிடுங்கள். ஏமாற்றம் இருக்காது. பனி குறைவாக இருக்கும் நாளில் வற்புறுத்தி வண்டி ஓட்டச் சொல்லவும் தோன்றாது.

டாக்டரிடம் போக வழியில்லாமல் இறந்த ஒரு குழந்தையின் அப்பா, எப்படியும் ஊர் மக்கள் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்று முயன்று செய்த வண்டி இது. அதில் ஏறுகிற பிள்ளை பத்திரமாக இறங்கி வருவதுதான் முக்கியம். ஐந்து கேள்விக்கும் சரியான பதில் கிடைத்தால் ஏறுங்கள், கத்துங்கள், கொண்டாடுங்கள். கிடைக்காவிட்டால் மகளையும் மகனையும் கூட்டிக்கொண்டு பனியில் ஒரு பொம்மை செய்யுங்கள். அதற்கு வாடகையும் இல்லை, பேரமும் இல்லை, ஆயாவும் சேர்ந்துகொள்ளலாம்!